டெர்மினலில் கணிதச் சூத்திரங்களைப் படிக்கும்படி காட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்கு கொடுக்கும் ஒரு நிரலைப் பைத்தானில் எழுதுகிறீர்கள். ஆய்வகக் கணினிகளில் டெர்மினல் மட்டும்தான், பிரவுசர் கிடையாது. விடையை லேடெக்ஸ் என்ற கணித அச்சுக்கோப்பு மொழியில் அச்சிட்டால் பின்சாய்வுக் கோடும் நெளி அடைப்புக்குறியுமாக வந்து விழுகிறது, பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் பின்னம், வர்க்கமூலம், அணி எல்லாம் தெரிய வேண்டும். என்ன வழி?

அவசரத்தில் இருந்தால் இதை மட்டும் செய்யுங்கள்: சிம்பை (SymPy) என்ற பைத்தான் இயற்கணித நூலகத்தை நிறுவி, அதிலுள்ள பிபிரின்ட் (pprint) என்ற செயற்கூற்றிடம் விடையைக் கொடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு. 80 கட்டம் அகலம், 24 வரி உயரம் என்பது பழைய அளவு. இன்றைக்கும் பல டெர்மினல்கள் திறந்தவுடன் அதே அளவில்தான் வருகின்றன. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. எழுத்தைச் சின்னதாக்க முடியாது, அரைக் கட்டம் மேலே தூக்கவும் முடியாது. கணித எழுத்தோ இந்த இரண்டையும்தான் நம்பியிருக்கிறது: அடுக்கு என்றால் சின்னதாக மேலே, பின்னம் என்றால் கோட்டுக்கு மேலும் கீழும். ஆகவே நமக்கு இருப்பது மூன்று வழி. எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுவது, பல வரிகளில் கட்டங்களை அடுக்கி வரைவது, நிஜமான படத்தையே காட்டுவது. உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஆனால் முதலாவதும் கூடவே இருக்க வேண்டும்.

ஒரே வரி எழுத்தை யாரும் குறைவாக எடைபோட வேண்டாம். நகலெடுத்து ஒட்டலாம், தேடலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், எந்தக் கணினியிலும் சிதையாது. அதன் ஆபத்து செயல்களின் வரிசையில் இருக்கிறது. 1/2*3 என்று எழுதினால் பைத்தான் இடமிருந்து வலமாகப் போய் 1.5 என்று சொல்லும். தாளில் பின்னம் போட்டுப் பழகிய மாணவர் 2*3 முழுவதும் பகுதியில் இருப்பதாக நினைத்து ஆறில் ஒன்று என்று படிக்கலாம். கணிதக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 80000-2 தரநிலையே, சாய்கோட்டுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாமல் பெருக்கலோ வகுத்தலோ போடாதீர்கள் என்கிறது. இதைவிட மோசமானது -2^2. எக்செலில் சமக்குறி போட்டு இதை அடித்தால் 4 வரும். பைத்தானில் அதற்குச் சமமானதை எழுதினால் -4 வரும். பாடப்புத்தகமும் -4 பக்கம்தான். எனவே ஒரே வரியில் காட்டும்போது அடைப்புக்குறிக்குக் கஞ்சத்தனம் கூடாது. சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் போட்டுவிடுங்கள்.

யூனிகோட் வந்த பிறகு ஒற்றை வரி எவ்வளவோ அழகாகிவிட்டது. √2, π, ≤, ≠, ∞, 3², 10⁻⁶ எல்லாம் வெறும் எழுத்துகள்தான். மைக்ரோசாஃப்டில் இருந்த மர்ரே சார்ஜென்ட் இதை ஒரு முறையாகவே வகுத்து, கிட்டத்தட்ட வெற்று உரையிலேயே கணிதத்தை எழுதும் ஒரு குறிமுறையை யூனிகோட் தொழில்நுட்பக் குறிப்பாக வெளியிட்டார். வேர்ட் 2007-இலிருந்து சமன்பாட்டுப் பெட்டியில் நேராகத் தட்டச்சு செய்ய முடிவது அதனால்தான். ஆனால் இதில் ஓட்டைகள் உண்டு. மேலெழுத்து இலக்கங்கள் 0 முதல் 9 வரை முழுசாக இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளிலோ சிலவற்றுக்குத்தான் கீழெழுத்து வடிவம் இருக்கிறது. அடுக்கில் ஒரு பின்னம் வந்தால் வழியே இல்லை. இன்னொன்று: ¹ ² ³ மூன்றும் பழைய லத்தீன்-1 அட்டவணையிலிருந்து வந்தவை, ⁴ முதல் மற்றவை தனித் தொகுதியில் இருப்பவை. சில எழுத்துருக்களில் இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு உயரத்தில் நிற்கும். 2³ பக்கத்தில் 2⁴ வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் கழித்தல் குறி − வேறு, விசைப்பலகையில் இருக்கும் - வேறு. திரையில் முதலாவதைக் காட்டினால், மாணவர் அதை நகலெடுத்துப் பைத்தானில் ஒட்டும்போது பிழைச் செய்தி வரும். ² குறியும் அப்படியே. ஜூலியா மொழி இதில் கொஞ்சம் தாராளம்: √2 என்று அப்படியே எழுதினாலும் கணக்குப் போடும், π-யும் அதற்குத் தெரியும். பைத்தானில் அந்த வசதி இல்லை. காட்டுவதற்கு ஓர் எழுத்து, ஒட்டுவதற்கு வேறு எழுத்து என்று நிரலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பல வரிகளில் வரைவது. இது புதிய யோசனை இல்லை. 1975-இல் பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் ஈக்யூஎன் என்ற கணித அச்சுக்கோப்பு மொழியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அது அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு. டெர்மினல்களுக்கு என்றே என்ஈக்யூஎன் என்று அதற்கு ஓர் இணை நிரல் இருந்தது. அன்றைய டெர்மினல்களில் பல, தாளில் அடிக்கும் இயந்திரங்கள்; டெலிடைப் 37-ஆல் தாளை அரை வரி மேலேயும் கீழேயும் நகர்த்த முடியும், அதனால் அடுக்குகள் நிஜமாகவே அரை வரி ஏறி நின்றன. திரை வந்ததும் அந்த அரை வரி போய்விட்டது. அதன் தடம் இன்றும் லினக்ஸில் இருக்கிறது: 'கால்' (col) என்ற பழைய கட்டளையின் கையேட்டைத் திறந்தால், அரை வரி முன்னே, அரை வரி பின்னே என்ற கட்டுப்பாட்டுக் குறிகளை அது எப்படிக் கையாளும் என்று எழுதியிருக்கும்.

1968-இல் எம்ஐடியில் தொடங்கிய மேக்சைமா என்ற இயற்கணித நிரலும் விடைகளைப் பல வரிகளில் அடித்துக் காட்டியது. அதன் வழிவந்ததுதான் இன்று இலவசமாகக் கிடைக்கும் மேக்ஸிமா. வில்லியம் ஷெல்ட்டர் 2001-இல் இறக்கும்வரை அதைக் கட்டிக் காத்தார். மேக்ஸிமாவைத் திறந்து ஒரு பின்னத்தைக் கொடுங்கள். கேட்காமலேயே இரண்டு அடுக்காக வரைந்து காட்டும். வெறும் கழித்தல் குறி, சாய்கோடு, அடிக்கோடு இவற்றை மட்டும் வைத்தே இப்படி வரையலாம்:

```
        ____
  3 + \/ 17
  ----------
      4
```

இதைப் பார்த்த மாணவர் யாரிடமும் விளக்கம் கேட்க மாட்டார். ஒரே வரியில் இது (3 + √17)/4.

இந்த வரைதலின் உயிர்நாடி பேஸ்லைன் என்ற ஒரே ஓர் எண். இதைப் புரிந்துகொண்டால் நூலகம் எதுவும் இல்லாமல் நீங்களே எழுதிவிடலாம். சூத்திரத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரு பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் சம நீளமுள்ள சில வரிகள். அதோடு, அவற்றில் எந்த வரி சூத்திரத்தின் நடு அச்சு என்று சொல்லும் எண். 7 என்ற பெட்டிக்கு ஒரே வரி, அதுவே பேஸ்லைன். பின்னத்துக்கு, கோடு இருக்கும் வரி பேஸ்லைன். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது உயரங்களைப் பார்க்கக் கூடாது. பேஸ்லைன்களை ஒரே வரியில் கொண்டுவந்து, குறையும் இடங்களை மேலும் கீழும் வெற்று வரிகளால் நிரப்ப வேண்டும். √2-க்கு நெருங்கி வரும் ஒரு தொடர் பின்னம் இது:

```
        1
1 + ─────────
          1
    2 + ─────
            1
        2 + ─
            2
```

ஒரே வரியில் 1 + 1/(2 + 1/(2 + 1/2)), மதிப்பு 17/12. வலப்பக்கப் பெட்டி ஏழு வரி உயரம், பேஸ்லைனோ மேலிருந்து இரண்டாவது வரி. பேஸ்லைனைக் கவனிக்காமல் உயரத்தின் நடுவில் பொருத்தும் நிரல் இதை இப்படி வரையும்:

```
        1
    ─────────
          1
1 + 2 + ─────
            1
        2 + ─
            2
```

இது வெறும் அழகுக் குறை என்று விடக்கூடிய விஷயம் இல்லை. 1 + 2 என்று ஒரு கூட்டலே புதிதாக முளைத்துவிட்டது. மாணவர் தவறான கணக்கைப் போடுவார், அதில் அவர்மேல் தப்பே இல்லை.

பின்னத்தை உருவாக்குவது எளிது. தொகுதிப் பெட்டி, பகுதிப் பெட்டி இரண்டில் அகலமானது எதுவோ அந்த அகலத்துக்குக் கோடு போட்டு, இரண்டையும் நடுவில் நிறுத்துங்கள். ஆனால் பின்னத்துக்குள் பின்னம் வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. அரையை 3-ஆல் வகுத்தாலும், 1-ஐ மூன்றில் இரண்டால் வகுத்தாலும், கோடுகள் ஒரே நீளமாக இருந்தால் இரண்டும் 1, 2, 3 என்று அச்சு அசலாக ஒரே அடுக்காகத் தெரியும். முதலாவதன் விடை 1/6, இரண்டாவதன் விடை 3/2. வெளிக்கோட்டை இருபுறமும் ஒரு கட்டம் நீட்டினால் குழப்பம் தீர்ந்தது:

```
 1           1
 ─          ───
 2           2
───          ─
 3           3
```

கோட்டுக்குக் கழித்தல் குறியைவிட, பெட்டி வரைவதற்கான ─ எழுத்து மேல். இரண்டு கட்டங்களுக்கு இடையே இடைவெளி விடாமல் ஒட்டிக்கொள்ளும், கழித்தல் குறியோடு குழம்பாது.

உயரமான அடைப்புக்குறிகளுக்கு யூனிகோடில் துண்டு துண்டாக எழுத்துகள் இருக்கின்றன: மேல் வளைவு ⎛, நடுத்தண்டு ⎜, கீழ் வளைவு ⎝. அணிக்குச் சதுர வடிவம் ⎡ ⎢ ⎣. எத்தனை வரி வேண்டுமோ அத்தனை நடுத்தண்டை அடுக்கிக்கொள்ளலாம்.

```
       2
⎛    1⎞         ⎡1  2⎤
⎜1 + ─⎟         ⎢    ⎥
⎝    2⎠         ⎣3  4⎦
```

இந்தத் துண்டுகள் 2002-இல் வந்த யூனிகோட் 3.2-இல் சேர்ந்தவை. தொகையீட்டுக் குறியின் மேல்பாதி ⌠, கீழ்பாதி ⌡ இரண்டும் அதற்கு வெகு முன்பே இருந்தவை: 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 437 என்ற எழுத்து அட்டவணையிலேயே அவை உண்டு. √, π, Σ, ∞, ≤, ≥ கூட அதில் இருந்தன. அந்த அட்டவணையில் வெறும் 256 இடம்தான். அதில் இத்தனை கணிதக் குறிகளுக்கு இடம் ஒதுக்கியவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். பாதிகள் இரண்டு மட்டும் இருந்ததால் தொகையீட்டுக் குறியை இரண்டு வரி உயரத்துக்கு மேல் சீராக நீட்ட முடியவில்லை. நடுவில் செருகும் ⎮ பின்னால் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

அடுக்கை எப்படிக் காட்டுவது என்பதில் என் அபிப்பிராயம் உறுதியானது. முழு எண் அடுக்கு என்றால் மேலெழுத்தையே பயன்படுத்துங்கள், தனி வரிக்குத் தூக்காதீர்கள். π-யின் வர்க்கத்தை ஆறால் வகுத்தால் வரும் புகழ்பெற்ற தொடரைத் தூக்கி எழுதினால் இப்படி வரும்:

```
 2
π        1    1
── = 1 + ── + ── + ⋯
6         2    2
         2    3
```

பகுதியில் இருக்கும் 2-க்கு மேலே இன்னொரு 2 மிதக்கிறது. எது அடுக்கு, எது எண் என்று கண் தடுமாறும். மேலெழுத்தில் அதே தொடர்:

```
π²       1    1
── = 1 + ── + ── + ⋯
6        2²   3²
```

ஐந்து வரி மூன்றானது, குழப்பமும் போனது. அடுக்கே ஒரு பின்னமாகவோ நீளமான கோவையாகவோ இருந்தால் மட்டும் தனி வரிக்கு ஏற்றுங்கள். சிம்பை வழக்கமாக எல்லா அடுக்கையும் தூக்கித்தான் வைக்கும்; மாற்ற வேண்டுமென்றால் அச்சிடும் வகுப்பை நீட்டித்து அடுக்குக்கான பகுதியை நீங்களே எழுத வேண்டியிருக்கும். செய்யத் தகுந்த வேலைதான்.

சிம்பையில் இன்னும் இரண்டு விஷயம் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் நீங்கள் விடையை மட்டும் இல்லாமல் கேள்வியையும் காட்டுகிறீர்கள். பைத்தானில் 1/2 என்று எழுதினால் சிம்பைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே 0.5 ஆகிவிடும்; விகிதமுறு எண்ணாகவே உருவாக்கிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் 2/4 என்பதை அது தானாக 1/2 என்று சுருக்கிவிடும். 'இதைச் சுருக்குக' என்று கேள்வி கேட்கும் நிரலில் விடையே கேள்வியாக நின்றால் எப்படி? மதிப்பிடாதே என்று சொல்லும் அளவுருவைக் கொடுத்துத்தான் கோவைகளை உருவாக்க வேண்டும். உறுப்புகளின் வரிசையையும் அது தன் விருப்பப்படி மாற்றும். வரிசையை மாற்றாதே என்று சொல்லவும் ஓர் அமைப்பு இருக்கிறது. இரண்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே வினாக்கள் லேடெக்ஸ் வடிவில் குவிந்திருந்தால் சிம்பை வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. யூடிஎஃப்டெக் என்ற சிறிய கட்டளை லேடெக்ஸ் பாணிச் சூத்திரத்தை வாங்கி நேரே பல வரி உரையாக வரைந்து தரும். டயகான் என்ற கருவியும் கணிதக் கோவைகளை இப்படி வரையும். முழு ஆவணத்தையும் வெற்று உரையாக்க வேண்டுமென்றால் பேண்டாக் இருக்கிறது. அது எளிய சூத்திரங்களை யூனிகோட் எழுத்துகளாக மாற்றும், சிக்கலானவற்றை லேடெக்ஸாகவே விட்டுவிடும்.

அடுத்தது அகலம். தமிழில் நிரல் எழுதுபவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. ஓர் எழுத்து எத்தனை கட்டம் என்பதை நிரல் ஒரு கணக்கில் நினைக்கும், டெர்மினல் வேறு கணக்கில் வரையும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கோடு ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். கணிதக் குறிகளிலேயே இது உண்டு: √, ∑, ∫, கிரேக்க எழுத்துகள் எல்லாவற்றையும் யூனிகோட் 'இரட்டை நிலை' அகலம் என்று குறித்து வைத்திருக்கிறது. சீன, ஜப்பானிய அமைப்பில் ஓடும் டெர்மினலில் அவை இரண்டு கட்டம் எடுக்கலாம். நம் ஊர்க் கணினியில் ஒரு கட்டம்தான், அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலை தமிழ் எழுத்தில் இருக்கிறது. 'கி', 'கீ' இரண்டும் நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் இகரக் குறி இடம் பிடிக்கும் குறி என்ற வகையிலும், ஈகாரக் குறி இடம் பிடிக்காத குறி என்ற வகையிலும் இருக்கின்றன. மார்க்கஸ் குன் எழுதி, பலரும் எடுத்துக்கொண்ட அகலக் கணக்கின்படி 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். புதிய நூலகங்கள் சில வேறு விதமாக எண்ணுகின்றன. எந்த டெர்மினல் எந்தக் கணக்கில் போகும் என்று நம்பி எழுதவே முடியாது.

ஆகவே 'பரப்பு =' என்று தமிழில் எழுதி அதன் வலப்பக்கம் மூன்று வரிப் பின்னத்தை வரையாதீர்கள். மேல் வரியும் கீழ் வரியும் வெற்றிடத்தில் தொடங்கும், நடு வரி தமிழில் தொடங்கும்; நடு வரி மட்டும் நகர்ந்துவிடும். தமிழ் வாக்கியத்தைத் தனி வரியில் முடித்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து சூத்திரத்தைத் தொடங்குங்கள். கூடவே விளக்கம் வேண்டுமென்றால் சூத்திரத்தின் வலக் கோடியில் வையுங்கள். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் எவ்வளவு நகர்ந்தாலும் எதுவும் கெடாது.

திரையைவிட நீளமான சூத்திரத்தை உடைப்பதை டெர்மினலிடம் விடவே கூடாது. அது ஒவ்வொரு வரியையும் 80-ஆவது கட்டத்தில் வெட்டி அடுத்த வரியில் போடும், படம் முழுக்கக் கந்தலாகிவிடும். அகலத்தை நிரல் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, வெளிமட்டத்தில் இருக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறியில் உடைக்க வேண்டும். டொனால்ட் க்னூத் தன் டெக் (TeX) அச்சுக்கோப்பு நிரலுக்குச் சொல்லும் மரபும் இதுதான்: தனித்து நிற்கும் சூத்திரத்தை உடைக்கும்போது குறிக்கு முன்னால் உடைத்து, குறியை அடுத்த வரியின் தொடக்கத்தில் வைப்பது. கூட்டல் குறியோடு தொடங்கும் வரியைப் பார்த்ததும் இது மேலேயிருப்பதன் தொடர்ச்சி என்று தெரிந்துவிடும்.

பார்வையற்ற மாணவர் ஒருவர் உங்கள் வகுப்பில் இருக்கலாம். திரைவாசிப்பான் வரி வரியாகத்தான் படிக்கும். மேலே உள்ள தொடர் பின்னத்தை அது 'ஒன்று. ஒன்று கூட்டல் கோடு கோடு கோடு' என்று படித்தால் கேட்பவருக்கு எதுவும் மிஞ்சாது. பிரெய்ல் திரையும் பெரும்பாலும் ஒற்றை வரிதான். புனேயில் வளர்ந்த, பார்வையற்ற கணினி அறிஞர் டி.வி. ராமன் 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முடித்த ஆய்வு இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். லேடெக்ஸ் மூலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டு, கணிதத்தைக் குரல் வேறுபாடுகளோடு படித்துக் காட்டும் ஒரு நிரலை அவர் உருவாக்கினார். அவர் எடுத்துக்கொண்டது அமைப்பை. வரைந்த படத்தை இல்லை. உங்கள் நிரலும் சூத்திரத்தை உள்ளே அமைப்பாகவே வைத்திருக்கட்டும். வரைந்த உரையைக் கோப்பில் சேமித்துவிட்டால் அதிலிருந்து சூத்திரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அமைப்பு கையில் இருந்தால் பல வரி, ஒற்றை வரி, லேடெக்ஸ் மூன்றையும் எப்போது வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒற்றை வரிக்கு மாற ஒரு விசை கட்டாயம் கொடுங்கள்.

மூன்றாவது வழியான படத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. டெக் (DEC) என்ற கணினி நிறுவனம் 1980-களிலேயே சிக்சல் என்ற படமுறையைத் தன் டெர்மினல்களில் கொண்டுவந்தது. எக்ஸ்டெர்ம், ஃபுட் போன்ற டெர்மினல் நிரல்கள் இன்றும் அதைப் புரிந்துகொள்ளும். காலிபர் மின்னூல் நிரலை எழுதிய கோவிட் கோயலின் கிட்டி டெர்மினலுக்குத் தனிப் படமுறை உண்டு. அதே கிட்டி 2025-இல் எழுத்தின் அளவையே மாற்றும் ஒரு நெறிமுறையையும் சேர்த்தது. சின்ன எழுத்தில் அடுக்கு போடுவது டெர்மினலில் மறுபடியும் சாத்தியமாகிறது; மற்ற டெர்மினல்களும் ஏற்றுக்கொண்டால் பெரிய விஷயம். ஆனால் இன்றைக்கு உங்கள் ஆய்வகத்தில் என்ன டெர்மினல் இருக்கிறதோ அதுதான் நிஜம். படம் நகலெடுக்க வராது, டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டிமக்ஸ் நடுவில் இருந்தால் தகராறு செய்யும், பின்னணி இல்லாத கறுப்பு எழுத்துப் படம் கறுப்புத் திரையில் கண்ணுக்கே தெரியாது.

நிரலில் முடிவெடுக்கும் பகுதி சின்னதுதான். வெளியீடு திரைக்குப் போகிறதா, கோப்புக்கோ வேறு நிரலுக்கோ போகிறதா என்று முதலில் பாருங்கள். திரை இல்லையென்றால் ஒற்றை வரி. திரை என்றால் எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். ஆம் என்றால் யூனிகோட் துண்டுகளால் வரையுங்கள், இல்லையென்றால் கழித்தல் குறி, சாய்கோடு, நிமிர்கோடு வைத்துப் பழைய பாணியில் வரையுங்கள். பழைய விண்டோஸ் கணினிகளில் இந்தச் சோதனை இல்லாவிட்டால் √ வரும் இடத்தில் நிரலே பிழையோடு நின்றுவிடக்கூடும்.

எல்லாம் முடிந்ததும் ஆய்வகத்தில் ஒரு கணினியில் அந்தத் தொடர் பின்னத்தையும் நான்கு வரி அடைப்புக்குறி ஒன்றையும் அச்சிட்டுப் பாருங்கள். ⎜ துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தால், டெர்மினல் அமைப்பில் வரி இடைவெளியை 1-க்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எழுத்துருவை டெஜாவு சான்ஸ் மோனோவுக்கு மாற்றுங்கள்; இந்தக் குறிகள் அதில் நிறைவாகவே இருக்கின்றன. மாற்ற அனுமதி இல்லாத கணினி என்றால் அங்கே மட்டும் பழைய பாணியே ஓடட்டும்.